4 படுக்கை, 110 கிலோ

ஐரோப்பாவின் விடுமுறைச் சாலைகளில் போலீஸார் வீட்டு வண்டிகளை ஓரங்கட்டி எடை போடுகிறார்கள். பிடிபடுகிறவர்களில் பெரும்பாலோர் சட்டத்தை ஏமாற்றக் கிளம்பியவர்கள் அல்லர். வண்டியில் இடம் இருக்கிறதே என்று சாமான் வைத்தவர்கள். அந்த இடத்துக்கும் எடைக்கும் உள்ள தொடர்பை அவர்களுக்கு யார் சொல்லியிருக்க வேண்டும்?

ஆகஸ்ட் மாதச் சனிக்கிழமை, காலை பத்தரை மணி. ஆஸ்திரியாவின் இன்ஸ்ப்ரூக் நகரம் வருவதற்குக் கொஞ்சம் முன்னால், நெடுஞ்சாலையோர ஓய்விடத்தின் வாசலில் ஒரு போலீஸ்காரர் சிவப்புத் தட்டை நீட்டினார். எங்கள் வண்டி ஓரம் ஒதுங்கியது. முன்னால் ஏற்கெனவே மூன்று வெள்ளை வண்டிகள் வரிசையில் நின்றன. மூன்றுமே எங்களுடையதைப் போன்ற வீட்டு வண்டிகள்.

ஸ்டுட்கார்ட்டில் இருக்கும் என் தங்கை குடும்பத்தோடு இத்தாலியின் கார்டா ஏரிக்குப் போய்க்கொண்டிருந்தோம். தங்கை, அவள் கணவர், பத்தாவது படிக்கும் மகள், நான். நாலு பேர். இரண்டு வாரத்துக்கு வாடகைக்கு எடுத்த மோட்டார் ஹோம். உள்ளே நாலு படுக்கை, அடுப்பு, ஃபிரிட்ஜ், குளியலறை. பின்னால் தாங்கியில் மூன்று சைக்கிள்கள்.

"அண்ணா, வேகமாகூட வரலையே, எதுக்கு நிறுத்தறாங்க?" என்றாள் தங்கை.

போலீஸ்காரர் வேகத்தைப் பற்றிக் கேட்கவில்லை. எத்தனை பேர், தண்ணீர்த் தொட்டி நிரம்பியிருக்கிறதா என்று இரண்டே கேள்விகள் கேட்டார். பிறகு வண்டியின் பின்பக்கம் போய்க் குனிந்து டயரைப் பார்த்தார். தரையில் நாலு தட்டையான எடைத்தட்டுகள் வைக்கப்பட்டன. தங்கை கணவர் மெல்ல வண்டியை அவற்றின் மேல் ஏற்றினார். கையடக்கக் கருவியில் நாலு எண்கள் வந்தன. முன் சக்கரங்கள் 845, 870. பின் சக்கரங்கள் 1,105, 1,090.

மருமகள் செல்போனில் கூட்டினாள். "மாமா, 3,910. நமக்கு எவ்வளவு வரைக்கும் இருக்கலாம்?"

3,500. நாங்கள் 410 கிலோ கூடுதலாக இருந்தோம்.

"நாலு பேர் தாராளமாப் போகலாம்னுதான் மச்சான் சொல்லிக் கொடுத்தாங்க" என்றார் தங்கை கணவர். அவர் முகத்தில் இருந்தது பயம் அல்ல. இரண்டு மாதம் திட்டம் போட்டுக் குடும்பத்தைக் கூட்டிவந்த மனிதர், அந்தக் குடும்பத்தையே ஆபத்தில் வைத்து ஓட்டியிருக்கிறோம் என்று தெரிந்ததும் வரும் கலக்கம் அது.

எடை குறையும்வரை வண்டி நகரக் கூடாது என்று சொல்லிவிட்டார்கள். அன்று பிற்பகல் 3 மணி வரை அங்கேயே இருந்தோம். அந்த நேரத்தில் வரிசையில் வந்த வண்டிகளையும், அவற்றில் இருந்து இறங்கிய முகங்களையும் பார்த்தேன். இந்தக் கட்டுரை அங்கே தொடங்கியது.

■ 3,500 என்ற கோடு எங்கிருந்து வந்தது?

நம்மூரில் கேரவன் என்றால் ஷூட்டிங் ஸ்பாட்தான் நினைவுக்கு வரும். ஐரோப்பாவில் அது நடுத்தரக் குடும்பத்தின் விடுமுறை. 1931இல் தெற்கு ஜெர்மனியின் இஸ்னி ஊரில், சாட்டை தயாரிக்கும் குடும்பத்தைச் சேர்ந்த ஆரிஸ்ட் டெத்லெஃப்ஸ், வியாபாரப் பயணங்களில் தனக்கு நிச்சயமான பெண்ணையும் உடன் அழைத்துப் போக, காருக்குப் பின்னால் இழுக்கும் ஒரு சிறு வீட்டைக் கட்டினார். அங்கிருந்து வளர்ந்த தொழில் இது. கொரோனாக் காலத்தில் விமானமும் ஓட்டலும் முடங்கியபோது விற்பனை எகிறியது. இன்று ஜெர்மனியில் மட்டும் 9 லட்சத்துக்கும் மேற்பட்ட மோட்டார் ஹோம்கள் பதிவில் உள்ளன.

அவற்றில் மிகப் பலவற்றின் பதிவுச் சான்றில் ஒரே எண்தான் இருக்கும்: 3,500 கிலோ. காரணம் ஓட்டுநர் உரிமம். ஐரோப்பிய ஒன்றியத்தில் சாதாரணக் கார் உரிமமான 'பி' பிரிவு அந்த எடை வரைதான் செல்லும். வண்டியும் அதில் ஏற்றுவதும் ஏறுவோரும் சேர்ந்த உச்ச எடை அது. நம் நாட்டில் இலகுரக வாகன உரிமம் 7,500 கிலோ வரை செல்லுபடியாகிறது. அதில் பாதிகூட இல்லை இது.

முந்தைய தலைமுறைக்கு இந்தச் சிக்கல் இல்லை. ஜெர்மனியில் 1999க்கு முன்பும், பிரிட்டனில் 1997க்கு முன்பும் கார் உரிமம் வாங்கியவர்கள் 7.5 டன் வரை ஓட்டலாம். பிரிட்டனில் அந்த உரிமை 70 வயதுக்குப் பிறகு தொடர மருத்துவச் சோதனை வேண்டும். அந்தத் தலைமுறை ஸ்டியரிங்கை விட்டு இறங்கிக்கொண்டிருக்கிறது. புதிதாக வாங்குபவருக்கும் வாடகைக்கு எடுப்பவருக்கும் 3,500 என்பது தாண்ட முடியாத வேலி.

உரிமம் இருந்தாலும் பலர் அந்த வேலிக்குள்தான் இருக்க விரும்புகிறார்கள். 3.5 டன்னைத் தாண்டிப் பதிவானால் ஆஸ்திரியாவில் கண்ணாடியில் ஒட்டும் சுங்க வில்லை போதாது. கிலோமீட்டர் கணக்கில் பணம் எடுக்கும் கருவியைப் பொருத்த வேண்டும். சுவிட்சர்லாந்தில் கனரக வாகன வரி கட்ட வேண்டும். ஜெர்மனியில் ஆட்டோபானில் 100 கிலோமீட்டர்தான் வேகம், லாரிகளுக்கு முந்தத் தடை உள்ள பல இடங்களில் இவர்களுக்கும் தடை. ஆகவே தயாரிப்பாளர்களும் வாங்குவோரும் சேர்ந்து எல்லாவற்றையும் அந்த ஒரு எண்ணுக்குள் அடைக்கப் பார்க்கிறார்கள்.

■ ஷோரூமில் சொல்லப்படாத கணக்கு

விளம்பரத்தில் பெரிய எழுத்தில் இருப்பது படுக்கைகளின் எண்ணிக்கை. சிறிய எழுத்தில், பட்டியலின் அடியில் இருப்பது 'ஓடும் நிலை எடை'. வண்டி, 75 கிலோ என்று வைத்துக்கொண்ட ஓட்டுநர், 90 சதவீத டீசல், சமையல் வாயு, கொஞ்சம் தண்ணீர் எல்லாம் சேர்ந்தது அது. தொட்டி 100, 120 லிட்டர் பிடித்தாலும், பல மாடல்களில் 'பயண நிலை' என்று 20 லிட்டரை மட்டுமே கணக்கில் எடுக்கிறார்கள். அதற்கு மேல் இன்னொன்று: அச்சிட்ட எடைக்கும் உண்மை எடைக்கும் 5 சதவீத வேறுபாட்டைச் சட்டம் அனுமதிக்கிறது. 2,990 கிலோ என்று எழுதிய வண்டியில் அது ஏறக்குறைய 150 கிலோ. இரண்டு பெரியவர்களின் எடை.

இதைவிட முக்கியமான கணக்கு ஒன்று உண்டு. ஒரு மோட்டார் ஹோமில் பயணிகளைத் தவிர்த்துச் சாமானுக்கு எவ்வளவு எடையாவது மிச்சம் வைக்க வேண்டும் என்று ஐரோப்பிய ஒன்றியத்தின் 2012ஆம் ஆண்டு ஒழுங்குமுறை வகுத்தது. இருக்கைகளின் எண்ணிக்கையையும் வண்டியின் நீளத்தை மீட்டரிலும் கூட்டி, பத்தால் பெருக்க வேண்டும். 7 மீட்டர் வண்டி, 4 இருக்கை என்றால் 11 பெருக்கல் 10. ஆக 110 கிலோ.

நாலு பேரின் துணி, படுக்கை விரிப்பு, பாத்திரம், அரிசி பருப்பு, நாற்காலி மேசை, சைக்கிள், கருவிகள், குடிதண்ணீர். எல்லாவற்றுக்கும் சேர்த்து ஆளுக்கு இருபத்தேழரை கிலோ. சென்னை விமான நிலையத்தில் ஊருக்குக் கிளம்பும் ஒருவர் தள்ளுவண்டியில் வைத்திருக்கும் பெட்டிகளைவிடக் குறைவு. இந்த எண்ணைப் பூர்த்தி செய்துவிட்டால் அந்த வண்டியை 'நாலு பேர் வண்டி' என்று சட்டப்படி விற்கலாம்.

எங்கள் வண்டியும் சட்டப்படி சரியான வண்டிதான். ஆட்கள் ஏறிய பிறகு அதில் 125 கிலோ மிச்சம் இருந்தது. தேவைக்கு 15 கிலோ அதிகமாகவே.

───────────────
பெட்டிச் செய்தி 1: எங்கள் 3,910 கிலோ எப்படிச் சேர்ந்தது?
(அன்று மாலை உட்கார்ந்து போட்ட தோராயக் கணக்கு)

ஓட்டுநரோடு ஓடும் நிலை எடை: 2,990
வெயில் மறைப்பு, சைக்கிள் தாங்கி, சூரியத் தகடு, இரண்டாவது பேட்டரி, இரண்டாவது வாயு உருளை: 160
மற்ற மூன்று பேர்: 225
— இதுவரை 3,375. மிச்சம் 125 கிலோ —
தண்ணீர்த் தொட்டியை முழுதாக நிரப்பியதால் கூடியது: 100
இரண்டு எலக்ட்ரிக் சைக்கிள், ஒரு சாதாரண சைக்கிள்: 65
அரிசி, மளிகை, காய்கறி: 60
துணிமணி: 50
வெளியேற்றாத கழிவுநீர்: 50
காற்றடைக்கும் படகு, துடுப்பு: 40
குடிநீர், பழச்சாறு பாட்டில்கள்: 40
போர்வை, புத்தகம், மருந்து, சில்லறைச் சாமான்: 40
பாத்திரம், குக்கர்: 30
மடக்கு மேசை, நாற்காலி: 30
கருவிகள், மின்வடம், தண்ணீர்க் குழாய்: 30
மொத்தம்: 3,910
───────────────

இந்தப் பட்டியலை மறுபடி பாருங்கள். ஊதாரித்தனம் என்று சொல்ல எது இருக்கிறது? படகைச் சொல்லலாம். மற்றதெல்லாம் ஒரு குடும்பம் இரண்டு வாரம் வாழத் தேவையானவை. வாடகைக்குக் கொடுத்தவர்கள் வண்டியை ஒப்படைக்கும்போது கழிப்பறைத் தொட்டியை எப்படிக் காலி செய்வது, வெயில் மறைப்பை எப்படி விரிப்பது என்று ஒரு மணி நேரம் பொறுமையாகச் சொல்லிக்கொடுத்தார்கள். எடை பற்றி ஒரு வார்த்தை இல்லை. ஒப்பந்தத்தின் கடைசிப் பக்கத்தில் மட்டும், அளவுக்கு மீறி ஏற்றினால் ஓட்டுநரே பொறுப்பு என்று ஒரு வரி இருந்தது.

■ அச்சு சொல்லும் உண்மை

போலீஸ்காரர் எங்களிடம் முதலில் காட்டிய எண் 3,910 அல்ல. பின் அச்சின் எண். இரண்டு பின் சக்கரங்களும் சேர்ந்து 2,195 கிலோ. அந்த அச்சுக்கு அனுமதித்தது 2,000. முன் அச்சில் 1,715தான், அங்கே இன்னும் இடம் இருந்தது.

மயில் இறகுதானே என்று அளவு மீறி ஏற்றினால் வண்டியின் அச்சு முறியும் என்று வலியறிதல் அதிகாரத்தில் வள்ளுவர் எச்சரித்திருக்கிறார். பள்ளியில் இறகைத்தான் மனப்பாடம் செய்தோம். அன்று அந்தச் சாலையோரத்தில்தான் அவர் 'வண்டி உடையும்' என்று சொல்லாமல் அச்சைக் குறிப்பாகச் சொன்னதன் கூர்மை எனக்கு உறைத்தது. மொத்த எடை சரியாக இருந்தாலும் ஓர் அச்சு தாங்காமல் போகலாம்.

மருமகளுக்கு இது உடனே புரிந்தது. "சீசா மாதிரிதானே மாமா?" என்றாள். ஆமாம், ஏற்ற இறக்கப் பலகைதான். முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் இடையே 4 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். பின் அச்சுக்கு 2 மீட்டர் பின்னால் 100 கிலோவைத் தொங்கவிட்டால் பின் அச்சில் கூடுவது 100 கிலோ அல்ல, 150 கிலோ. அந்தக் கூடுதல் 50 கிலோ முன் அச்சில் இருந்து தூக்கப்படுகிறது. இந்த வண்டிகளில் பெரும்பாலானவை ஃபியட் டுகாட்டோ போன்ற, முன் சக்கரங்கள் இழுக்கும் வேன்களின் மேல் கட்டப்பட்டவை. இழுப்பதும் திருப்புவதும் அந்த முன் சக்கரங்களே. அவை லேசாகிவிட்டால் மழை பெய்த மலைச்சரிவில் என்ன ஆகும் என்பதை ஓட்டுநரே உணர்வார். சைக்கிள் தாங்கி, பின்பக்கச் சாமான் அறை, பின்னால் வைத்த கழிவுநீர்த் தொட்டி எல்லாம் இந்தப் பலகையின் நுனியில்தான் உட்கார்ந்திருக்கின்றன.

■ டயரும் பிரேக்கும் கணக்கு வைத்திருக்கும்

சில எண்களால் இவ்வளவு கெடுபிடியா என்று அன்று காலை எனக்கும் தோன்றியது. போலீஸ்காரர் எங்களைப் பின் டயரின் பக்கவாட்டுக்குக் கூட்டிப் போனார். அளவுக்குப் பிறகு 109 என்று அச்சிட்டிருந்தது. அது சுமைக் குறியீடு. அந்த எண் உள்ள ஒரு டயர் 1,030 கிலோ தாங்கும். எங்கள் இடது பின் சக்கரத்தில் இருந்தது 1,105.

சுமை மீறிய டயர் உடனே வெடித்துவிடுவதில்லை. ஒவ்வொரு சுற்றிலும் அதன் பக்கச் சுவர் தேவைக்கு மேல் வளைந்து நிமிர்கிறது. வளைவு வெப்பமாகிறது. காரின் டயரில் 2.5 பார் காற்று போதுமென்றால் இந்த வண்டிகளின் பின் டயர்களில் 5.5 பார் வரை அடைக்க வேண்டியிருக்கிறது. அதில் கொஞ்சம் குறைந்தாலும் வெப்பம் கூடும். இந்த வண்டிகள் ஆண்டில் பல மாதம் ஒரே இடத்தில் நிற்பவை. டயரின் பட்டை தேயாமலே ரப்பர் முதிர்ந்துவிடும். பார்வைக்குப் புதிது, உள்ளே பழசு. கோடை வெயில், முழுச் சுமை, நூறு கிலோமீட்டர் வேகம் மூன்றும் சேரும் நாளில் அது கிழிகிறது. உயரமான வண்டி அந்த நொடியில் எந்தப் பக்கம் இழுக்கும் என்பது ஓட்டுநரின் கையில் இல்லை.

பிரேக்குக்கும் தனிக் கணக்கு உண்டு. நாங்கள் தாண்ட இருந்த பிரென்னர் கணவாய் சுமார் 1,370 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. கார்டா ஏரி கடல் மட்டத்தில் இருந்து 65 மீட்டர்தான். ஆக 1,300 மீட்டர் இறக்கம். நாங்கள் கூடுதலாக ஏற்றிய 410 கிலோவை மட்டும் அந்த உயரத்தில் இருந்து இறக்கும்போது வெளிப்படும் ஆற்றல், அறையில் வைத்த 15 லிட்டர் தண்ணீரைக் கொதிக்க வைக்கப் போதும். அதில் பெரும்பங்கை எஞ்சினும் பிரேக் தட்டுகளும் வெப்பமாகச் சுமக்க வேண்டும். வண்டியின் சொந்த எடையின் வெப்பம் அதற்கு மேல். மலை இறக்கத்தில் பிரேக்கை மிதித்தும் பிடிக்கவில்லை என்று சொல்பவர்களின் வண்டிகளில் நடப்பது இதுதான்.

எங்களுக்குப் பின்னால் நிறுத்தப்பட்ட வண்டியில் ஒரு முதிய தம்பதி இருந்தார்கள். எண்களைக் கேட்டதும் அந்த அம்மா கணவரின் கையைப் பிடித்துக்கொண்டு படியில் உட்கார்ந்துவிட்டார். பல ஆண்டுகளாக அதே வண்டியில் அதே சாமானோடு போய்வருகிறார்களாம். ஒருமுறைகூட எடை பார்த்ததில்லை. எதுவும் நடக்கவில்லை என்பது, எதுவும் நடக்காது என்பதற்குச் சான்று ஆகாது என்பதை அவர்கள் அன்று தெரிந்துகொண்டார்கள். நானும்தான்.

───────────────
பெட்டிச் செய்தி 2: எந்த நாட்டில் என்ன தண்டனை?

ஜெர்மனி (7.5 டன் வரையிலான வண்டிகள்): 5 சதவீதத்துக்கு மேல் 10 யூரோ. 10 சதவீதத்துக்கு மேல் 30 யூரோ. 15க்கு மேல் 35. 20க்கு மேல் 95 யூரோவும் உரிமத்தில் ஒரு தண்டப் புள்ளியும். 25க்கு மேல் 140, 30க்கு மேல் 235 யூரோ, இரண்டிலும் ஒரு புள்ளி.

பிரிட்டன்: மீறல் 10 சதவீதத்துக்குள் என்றால் 100 பவுண்டு. 10 முதல் 15க்குள் 200. 15 முதல் 30க்குள் 300. அதற்கு மேல் நீதிமன்றம்.

பிரான்ஸ்: வழக்கமான அபராதம் 135 யூரோ. 5 சதவீதத்தைத் தாண்டினால் வண்டியை நிறுத்தி வைக்கலாம். 20 சதவீதத்தைத் தாண்டினால் அபராதம் 1,500 யூரோ வரை போகும்.

இந்தியா: மோட்டார் வாகனச் சட்டம் 194ஆம் பிரிவின்படி சரக்கு வாகனம் அளவுக்கு மீறி ஏற்றினால் 20,000 ரூபாய், கூடுதலான ஒவ்வொரு டன்னுக்கும் 2,000 ரூபாய். மிகுதிச் சுமையை இறக்கிய பிறகே நகரலாம்.
───────────────

■ அபராதம் சின்னது, அன்றைய நாள் பெரியது

எங்கள் மீறல் 11.7 சதவீதம். ஜெர்மனியில் பிடிபட்டிருந்தால் 30 யூரோதான். நாலு பேர் ஓட்டலில் காபி குடிக்கும் செலவு. அதனால்தான் பலர் இதைப் பொருட்படுத்துவதில்லை. உண்மையான தண்டனை 'இதற்கு மேல் நகராதே' என்ற உத்தரவு.

410 கிலோவைச் சாலையோரத்தில் எப்படிக் குறைப்பது? நல்ல தண்ணீர் 120 லிட்டரையும் திறந்துவிட்டோம். கழிவுநீரைக் கண்ட இடத்தில் விட முடியாது. ஓய்விடத்தில் அதற்கென இருந்த வடிகாலில் இறக்கினோம். 170 கிலோ போனது. இன்ஸ்ப்ரூக்கில் இருந்த தங்கை கணவரின் அலுவலக நண்பர், விடுமுறை நாளில், தன் காரை எடுத்துக்கொண்டு வந்தார். படகும் சைக்கிள்களும் அதில் ஏறின. அது 105 கிலோ. அப்படியும் போதவில்லை. கடைசியில் நானும் தங்கையும் இறங்கினோம். அந்த நண்பர் எங்களை ரயில் நிலையத்தில் விட்டார். குடும்பமாகப் போக எடுத்த வண்டியில் தந்தையும் மகளும் மட்டும் போனார்கள். நாங்கள் இருவரும் ரயிலில் பின்தொடர்ந்தோம்.

எங்களுக்கு நண்பர் இருந்தார். பக்கத்தில் நகரமும் ரயிலும் இருந்தன. மொழி தெரியாத நாட்டில், கைக்குழந்தையோடு, மலை நடுவே நிறுத்தப்படும் குடும்பம் என்ன செய்யும்? பொருட்களைச் சாலையோரத்தில் விட்டுவிட்டுப் போகவும் முடியாது.

அபராதத்துக்குப் பிறகும் ஆபத்து முடிவதில்லை. விபத்து நடந்தால், அளவு மீறிய சுமை அதற்குக் காரணம் என்று தெரியும்போது, காப்பீட்டு நிறுவனம் இழப்பீட்டைக் குறைக்க வாதாடும். கூடுதல் எடை ஓட்டுநருக்கு முன்பே தெரியும் என்று காட்டக்கூடிய ஒரு சீட்டு இருந்தால் நிலைமை இன்னும் மோசம். எந்த வழியில் பார்த்தாலும் பொறுப்பு ஸ்டியரிங்கைப் பிடித்தவர் தலையில்தான் விழுகிறது. தயாரித்தவர், விற்றவர், வாடகைக்கு விட்டவர் யாரும் அந்தச் சாலையோர வரிசையில் நிற்பதில்லை.

போலீஸாரின் மேல் எனக்கு வருத்தம் இல்லை. அவர்கள் நிறுத்தியிராவிட்டால் அந்த டயர்களோடு நாங்கள் கணவாயைத் தாண்டியிருப்போம். சில இடங்களில் போலீஸாரும் மோட்டார் கிளப்புகளும் அபராதம் இல்லாமல் எடை பார்த்துச் சொல்லும் நாள்களை நடத்துகிறார்கள். இந்த அக்கறையை ஷோரூமும் காட்டியிருந்தால் அந்த வரிசை பாதியாகியிருக்கும்.

■ கோட்டை நகர்த்தினால் தீருமா?

2025 அக்டோபரில் ஐரோப்பிய நாடாளுமன்றம் புதிய ஓட்டுநர் உரிமச் சட்டத்துக்கு ஒப்புதல் கொடுத்தது. அதன்படி சாதாரணக் கார் உரிமம் உள்ளவர், தனிப் பயிற்சியோ தேர்வோ முடித்தால், 4,250 கிலோ வரை உள்ள மோட்டார் ஹோமை ஓட்டலாம். உறுப்பு நாடுகள் இதைத் தங்கள் சட்டத்தில் எழுதிக்கொள்ள 3 ஆண்டு, நடைமுறைக்குத் தயாராக மேலும் 1 ஆண்டு.

நல்ல செய்திதான். பயிற்சியைச் சேர்த்தது இன்னும் நல்லது. ஆனால் மூன்று விஷயங்களை மறக்கக் கூடாது.

முதலாவது, உரிமம் மாறினால் வண்டி மாறிவிடாது. 3,500 என்று பதிவான வண்டியின் அச்சும் டயரும் அதே எடையைத்தான் தாங்கும். கூடுதல் எடைக்கு மறுபதிவு செய்ய வேண்டும். பல வண்டிகளில் அதற்கு ஸ்பிரிங், டயர், சக்கரம் என்று மாற்ற வேண்டியிருக்கும்.

இரண்டாவது, 3.5 டன்னைத் தாண்டினால் வரும் சுங்கமும் வேகக் கட்டுப்பாடும் உரிமச் சட்டத்தால் நீங்கிவிடாது. ஆகவே பலர் பழைய எண்ணிலேயே இருப்பார்கள்.

மூன்றாவதுதான் எனக்குப் பெரிதாகப் படுகிறது. கிடைக்கும் 750 கிலோவைக் குடும்பத்தின் சாமானுக்கு விடுவார்களா, இன்னும் பெரிய ஃபிரிட்ஜ், இன்னும் அகலமான படுக்கை, இன்னும் கனமான மேசை என்று தயாரிப்பாளர்களே நிரப்பிவிடுவார்களா? 110 கிலோ போதும் என்று சொல்லும் கணக்கு மாறாதவரை, கோடு எங்கே இருந்தாலும் மக்கள் அதன் மேல்தான் நிற்பார்கள்.

கேட்பது பெரிய சீர்திருத்தம் இல்லை. விலை எழுதிய அதே அளவு எழுத்தில், விலைக்குப் பக்கத்தில், 'ஆட்கள் ஏறிய பிறகு சாமானுக்கு இத்தனை கிலோ' என்று எழுத வேண்டும். விற்கும்போதும் வாடகைக்குத் தரும்போதும் அந்தக் குறிப்பிட்ட வண்டியை எடை மேடையில் ஏற்றிச் சீட்டைக் கையில் கொடுக்க வேண்டும். அட்டவணையில் உள்ள எடையை அல்ல, அந்த வண்டியின் எடையை. நாலு பேருக்கான சாமானைத் தாங்க முடியாத வண்டியை நாலு பேர் வண்டி என்று அழைக்க அனுமதிக்கக் கூடாது.

───────────────
பெட்டிச் செய்தி 3: கிளம்பும் முன்

• கதவோரத்திலோ எஞ்சின் அறையிலோ உள்ள தயாரிப்பாளர் தகட்டைப் படியுங்கள். முதல் எண் மொத்த எடை. இரண்டாவது, பின்னால் இழுவண்டி பூட்டினால் இரண்டுக்கும் சேர்ந்த எடை. அடுத்த இரண்டும் முன், பின் அச்சுகளின் எல்லை.
• ஆட்கள், தண்ணீர், சாமான் எல்லாம் ஏறிய நிலையில் எடை மேடைக்குப் போங்கள். ஜெர்மனியில் கழிவு மறுசுழற்சி நிலையங்கள், விவசாயக் கூட்டுறவுக் கிடங்குகள் பலவற்றில் சிறு தொகைக்கு எடை பார்த்துத் தருவார்கள்.
• முன் சக்கரங்களை மட்டும் ஏற்றி ஒருமுறை, பின் சக்கரங்களை மட்டும் ஏற்றி ஒருமுறை பாருங்கள். அச்சின் எடை அப்போதுதான் தெரியும்.
• ஒரு லிட்டர் தண்ணீர் ஒரு கிலோ. பயணத்தில் 20 லிட்டர் போதும். மீதியைப் போய்ச் சேர்ந்த இடத்தில் நிரப்புங்கள். கழிவுநீரைக் கிளம்பும் முன்பே உரிய இடத்தில் இறக்குங்கள்.
• கனமானவற்றை இரண்டு அச்சுகளுக்கும் நடுவில், தரைக்கு அருகில் வையுங்கள். பின் நுனியில் எலக்ட்ரிக் சைக்கிளைத் தொங்கவிடுமுன் இரண்டு முறை யோசியுங்கள்.
• டயரின் சுமைக் குறியீட்டையும், அது தயாரான வாரமும் ஆண்டும் காட்டும் நாலு இலக்கங்களையும் பாருங்கள்.
───────────────

■ நம் சாலைக்கும் வருகிறது

இது தூரத்து ஊர்க் கதை என்று ஒதுக்கிவிட முடியாது. கேரளம் 2021இல் கேரவன் சுற்றுலாத் திட்டத்தை அறிவித்தது. மற்ற மாநிலங்களிலும் வீட்டு வண்டியில் ஊர் சுற்றும் ஆசை வளர்ந்துவருகிறது. பழைய வேனை வாங்கிப் பட்டறையில் கொடுத்து, பிளைவுட் அலமாரி, தண்ணீர்த் தொட்டி, பேட்டரி, ஏசி என்று கட்டிக்கொள்ளும் இளைஞர்களை நானே சந்தித்திருக்கிறேன். எத்தனை படுக்கை, எத்தனை வாட் சோலார் என்று உற்சாகமாகச் சொல்கிறார்கள். கட்டி முடித்த பிறகு எடை பார்த்தீர்களா என்று கேட்டால் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்கிறார்கள்.

நம் நெடுஞ்சாலைகளில் எடை மேடைக்குப் பஞ்சம் இல்லை. நாமக்கல், சங்ககிரி லாரி ஓட்டுநர்கள் பாரம் ஏறியதும் ஸ்டியரிங் என்ன சொல்கிறது, பின்பக்கம் எவ்வளவு தாழ்ந்திருக்கிறது என்பதைக் கையாலும் கண்ணாலும் அறிவார்கள். அந்தத் தொழிலறிவு விடுமுறைக்குக் கிளம்பும் குடும்பத்திடம் இருக்காது, இருக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பதும் நியாயம் இல்லை. அதனால்தான் வண்டியைக் கட்டித் தருபவர் அதைச் சொல்லியாக வேண்டும்.

■ ஒரு சீட்டு

அடுத்த கோடையிலும் தங்கை குடும்பம் வீட்டு வண்டி எடுத்தது. நான் சென்னையில் இருந்தேன். இந்த முறை மூன்றே பேர், படகு இல்லை, எலக்ட்ரிக் சைக்கிள்கள் வீட்டில். குக்கரை மட்டும் தங்கை விட்டுக்கொடுக்கவில்லை. கிளம்பும் அன்று காலை, ஊருக்கு வெளியே உள்ள மறுசுழற்சி நிலையத்துக்கு முதலில் போயிருக்கிறார்கள்.

மருமகள் எனக்கு ஒரு படம் அனுப்பினாள். எடை மேடையின் சின்னச் சீட்டு. மொத்தம் 3,380. அதன் அடியில் அவளே பேனாவால் முன் அச்சையும் பின் அச்சையும் எழுதி, ஒவ்வொன்றுக்கும் எதிரே எல்லையையும் எழுதியிருந்தாள். கீழே ஒரு வரி: "மாமா, 120 கிலோ மிச்சம் இருக்கு. நீங்களும் வந்திருக்கலாம்."